அறிவிப்புக்கும் ஒதுக்கீட்டுக்கும் இடையே: ரயில்வே செய்தியாளர் ஒருவரின் பணிவாழ்வு – ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

தமிழ் நாளிதழ் ஒன்றில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணியாற்றி, அதில் பெரும்பகுதியை ரயில்வே துறைச் செய்திகளுக்கே செலவிட்ட ஒருவரின் பணிவாழ்வை இந்தப் பதிவு தொடக்கத்திலிருந்து பின்தொடர்கிறது. அவருடைய பெயரோ, நாளிதழின் பெயரோ இங்கே தரப்படவில்லை. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்கள் பொதுவாகச் சொல்லப்பட்டுள்ளன. சில ஆண்டுகள் அவருடைய செய்திகளைத் திருத்தும் இடத்தில் நான் இருந்தேன் என்பதால், அவர் எடுத்த முடிவுகளைப் பற்றிய என் கருத்தும் ஆங்காங்கே வரும். ஒரு துறையை நீண்டகாலம் தொடர்ந்து கவனிக்கும் செய்தியாளர் எதைப் பெறுகிறார், எதை இழக்கிறார், அவரை வைத்திருக்கும் நிறுவனம் அவரை எப்படிப் பயன்படுத்துகிறது அல்லது வீணாக்குகிறது என்பதே இங்கு கவனிக்கப்படும் பொருள்.

பின்னணி

அவர் வணிகவியல் பட்டதாரி. குடும்பத்தில் ரயில்வே ஊழியர் எவரும் இல்லை. 2004இல் மதுரைப் பதிப்பில் சேர்ந்தபோது, மூத்த செய்தியாளர்கள் மாவட்ட நிர்வாகம், காவல்துறை, அரசியல் ஆகியவற்றைப் பிரித்துக்கொண்டிருந்தனர். எஞ்சியிருந்த ரயில்வே, புதிதாக வந்தவருக்குத் தரப்பட்டது. அந்தக் காலத்தில் ரயில்வே செய்தி என்பது பண்டிகைக்காலச் சிறப்பு ரயில், நேர மாற்றம், நடைமேடைச் சீட்டு விலை, எப்போதாவது ஒரு தடம்புரள்வு என்ற அளவில் இருந்தது. கோட்ட அலுவலகத்தின் மக்கள் தொடர்புப் பிரிவு அனுப்பும் குறிப்பைத் தமிழாக்கிக் கொடுத்தால் அன்றைய வேலை முடிந்தது.

தென்மாவட்டங்களில் அது மீட்டர் கேஜ் பாதைகள் அகலப்பாதையாக மாறிக்கொண்டிருந்த காலமும் ஆகும். மதுரை–ராமேஸ்வரம் பாதை 2007 ஆகஸ்டில் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது. அடுத்து மதுரை–போடிநாயக்கனூர் பாதை 2010ஆம் ஆண்டின் இறுதியோடு மூடப்பட்டது. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகச் செல்லும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பாதைதான், பின்னாளில் அவருடைய எழுத்து முறையை மாற்றியது.

முதல் ஆண்டுகளில் காணப்பட்டவை

பாதை மூடப்பட்டபோது, பணி சில ஆண்டுகளில் முடியும் என்பது பொதுவான எதிர்பார்ப்பாக இருந்தது. அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் அதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வருவார். பணி விரைவில் முடிக்கப்படும் என்பார். அந்தச் செய்தி படத்துடன் வெளியாகும். மறு ஆண்டு வேறோர் அதிகாரி வருவார், ஏறக்குறைய அதே வாசகம் மீண்டும் அச்சாகும். தேனி மாவட்ட வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களின் தொனி முதலில் கேள்வியாகவும், பிறகு எரிச்சலாகவும், பிறகு கேலியாகவும் மாறியதை நான் பார்த்திருக்கிறேன். பொய் சொன்னது யார் என்று கேட்டால் விடை சொல்வது கடினம். அதிகாரி தமக்குத் தெரிந்ததைச் சொன்னார். செய்தியாளர் அவர் சொன்னதைச் சரியாகவே எழுதினார். ஆயினும் வெளியான செய்திகளை அடுக்கி வைத்துப் பார்த்தால், அவை மொத்தமாக வாசகரை ஏமாற்றியிருந்தன.

இந்த முரணை அவர் கவனித்தார் என்பதே அவரிடம் இருந்த முதல் தகுதி. தம்முடைய பழைய செய்திகளைத் தாமே வெட்டி, தேதிவாரியாக ஒட்டிப் பார்த்த செய்தியாளரை நான் வேறு அதிகம் கண்டதில்லை.

முதல் முடிவு: பிங்க் புக்

2012 வாக்கில் அவர் ஒரு நடைமுறையை வகுத்துக்கொண்டார். அதிகாரி சொல்லும் நாளை எழுதுவதைக் குறைத்து, அந்தப் பணிக்கு அந்த ஆண்டு எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் எழுதுவது என்பதே அது. அதற்கான ஆவணம் ரகசியமானதன்று. அன்று ரயில்வே வரவு செலவுத் திட்டத்துடன் மண்டலவாரியாக வெளியான பணிகள் பட்டியலைத் துறையினர் ‘பிங்க் புக்’ என்பார்கள். ஒவ்வொரு பணிக்கும் எதிர்பார்க்கப்படும் மொத்தச் செலவு, இதுவரை ஆன செலவு, வரும் ஆண்டுக்கான ஒதுக்கீடு ஆகியவை அதில் வரிசையாக இருக்கும். வணிகவியல் படித்தவருக்கு அதை வாசிப்பது கடினமாக இல்லை. மீதமுள்ள செலவை அந்த ஆண்டின் ஒதுக்கீட்டால் வகுத்தால், அதே வேகத்தில் பணி நடந்தால் இன்னும் எத்தனை ஆண்டுகள் ஆகும் என்ற ஒரு தோராயமான விடை கிடைக்கும். அந்த விடை பெரும்பாலும் அதிகாரி மேடையில் சொன்ன நாளிலிருந்து வெகுதூரம் தள்ளியிருந்தது.

அந்தப் பட்டியலில் அவர் கண்ட இன்னொன்று, 1,000 ரூபாய் ஒதுக்கீடு. புதிய பாதைத் திட்டம் ஒன்றைக் கைவிட்டதாகவும் சொல்லாமல், நடத்துவதாகவும் இல்லாமல், ஏட்டில் உயிரோடு வைத்திருப்பதற்காகப் பெயரளவில் தரப்படும் தொகை அது. தமிழகத்தில் நீண்டகாலமாகப் பேசப்பட்ட புதிய பாதைகள் பலவற்றுக்கு வெவ்வேறு ஆண்டுகளில் இத்தகைய ஒதுக்கீடே கிடைத்திருக்கிறது. ‘திட்டம் பட்ஜெட்டில் இடம்பெற்றது’ என்று ஒரு நாளிதழ் எழுதினால் அது உண்மையே. அந்தத் தொகையில் எந்தப் பணியும் தொடங்கவே முடியாது என்று அவர் எழுதினால் அதுவும் உண்மையே. ஆய்வுக்கு உத்தரவிடுவது வேறு, பணிக்கு அனுமதி தருவது வேறு, விரிவான மதிப்பீடு ஏற்கப்படுவது வேறு, நிலம் கையகப்படுத்துவது வேறு, ஒப்பந்தம் விடுவது வேறு என்ற படிநிலைகளை அவர் தம் செய்திகளில் திரும்பத் திரும்ப விளக்கினார். செய்தி மேசையில் சிலருக்கு இது அலுப்பூட்டியது. எனக்கும் சில நாள்களில் அலுத்தது என்பதை மறைப்பதற்கில்லை.

பட்டியல் சொல்லாததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகக் கேட்டார். விடை வர முப்பது நாள் ஆகும் என்பதால், அன்றாடச் செய்திக்கு அது உதவாது. ஆனால் ஆண்டுவாரியாக உண்மையில் செலவான தொகையை அதன் மூலம் பெற்று, ஒதுக்கப்பட்டதற்கும் செலவானதற்கும் உள்ள இடைவெளியை எழுத முடிந்தது. ஒதுக்கிய பணமே செலவாகாமல் திரும்பிய ஆண்டுகளில், காரணம் பணத்தட்டுப்பாடு அன்று, நிலம் அல்லது ஒப்பந்தச் சிக்கல் என்பது புலப்பட்டது. குறைகூறலாக இருந்த செய்தி இந்த இடத்தில்தான் விளக்கமாக மாறியது.

போடி பாதையைப் பொறுத்தவரை, மதுரை–தேனி பகுதி 2022 மே மாதத்திலும் போடிநாயக்கனூர் வரையிலான பகுதி 2023 ஜூனிலும் பயணிகளுக்குத் திறக்கப்பட்டன. மூடப்பட்டு 12 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. இடையிலான ஆண்டுகளில் அவர் எழுதிய கணக்குகளில் எதையும் திரும்பப்பெற வேண்டிய தேவை நேரவில்லை.

சென்னைக்கு மாற்றமும் துறையின் சுருக்கமும்

2014இல் அவர் சென்னைக்கு மாற்றப்பட்டார். மண்டலத் தலைமையகம், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, புறநகர் சேவை, பறக்கும் ரயில் என்று பரப்பு விரிந்தது. 1955இல் தொடங்கப்பட்ட அந்தத் தொழிற்சாலையில் உருவான ‘டிரெயின் 18’ 2018 அக்டோபரில் வெளியே வந்து, 2019 பிப்ரவரி 15 அன்று ‘வந்தே பாரத்’ என்ற பெயரில் டெல்லி–வாராணசி தடத்தில் ஓடத் தொடங்கியபோது, எல்லா நாளிதழ்களும் அதைக் கொண்டாடின. அவரும் கொண்டாடினார். ஆனால் அதன்பின் கொள்முதல் குறித்த விஜிலன்ஸ் விசாரணை, அடுத்த தொடர்களுக்கான ஒப்பந்தப்புள்ளிகள் ரத்தானது, மேம்படுத்தப்பட்ட அடுத்த வடிவம் 2022 செப்டம்பர் வரை தாமதமானது ஆகியவற்றை விடாமல் எழுதியவர்கள் மிகச் சிலரே. அவர்களில் அவரும் ஒருவர். தொழில்துறைச் செய்தியில் கொடியசைப்பு ஒரு நாள் நடக்கிறது. ஒப்பந்தமோ பல ஆண்டுகள் ஓடுகிறது.

இதற்கிடையில் துறைக்கே ஒரு மாற்றம் நேர்ந்தது. 1924 முதல் தனியாக இருந்துவந்த ரயில்வே வரவு செலவுத் திட்டம், 2016 பிப்ரவரி 25இல் கடைசியாகத் தனியே தாக்கல் செய்யப்பட்டு, 2017 முதல் பொது வரவு செலவுத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. நிர்வாக நோக்கில் அதற்கு நியாயங்கள் உண்டு. செய்தி நோக்கில், ஆண்டுக்கு ஒரு நாள் நாடே ரயில்வே கணக்கைப் பேசிய வழக்கம் ஒழிந்தது. நாளிதழில் அன்றைய தினம் ரயில்வேக்கு ஒதுக்கப்பட்ட சிறப்புப் பக்கங்கள் வருமான வரி விளக்கங்களுக்குச் சென்றன. பிங்க் புக் பல ஆண்டுகளில் பட்ஜெட் நாளுக்குப் பின்னரே கைக்குக் கிடைத்தது. அதற்குள் செய்தி மேசை வேறு பொருளுக்கு நகர்ந்திருக்கும். அவருடைய முக்கியச் செய்தி உள்பக்கத்தின் கீழ்ப்பகுதிக்குப் போனது இந்தக் காலத்தில்தான்.

இரண்டாம் முடிவு: பதவி உயர்வை மறுத்தது

2019இல் அவருக்குத் தலைமைச் செய்தியாளர் பொறுப்பு தரப்பட இருந்தது. ஏற்றால் ஊதியம் உயரும். ரயில்வேயை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, மற்றவர்களின் பணியை ஒழுங்குபடுத்தும் வேலைக்குப் போக வேண்டும். அவர் மறுத்தார். தாம் சேர்த்து வைத்திருந்த ஆண்டுவாரிக் கணக்குகள், ஓய்வுபெற்ற சிக்னல் ஆய்வாளர்கள், தொழிற்சங்கத்தினர், ஒப்பந்ததாரர்கள் ஆகியோருடனான பழக்கம் எல்லாம் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கக்கூடியவை அல்ல என்பது அவருடைய வாதம்.

இந்த முடிவில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. மாற்றிக் கொடுக்க முடியாதபடி அறிவைத் தம்மிடமே வைத்திருந்ததில் அவருக்கும் பங்கு உண்டு. அதைக் கோராமல் விட்டதில் நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. நிர்வாகம் அவருடைய மறுப்பை லட்சியம் இன்மையாகப் புரிந்துகொண்டது. துறை வல்லுநருக்கு ஏணியில் இடம் இல்லாத அமைப்பில், ஒருவர் அதே இடத்தில் நின்றால் அவர் தேங்கிவிட்டதாகவே கருதப்படுவார். அடுத்த ஆண்டு கொரோனா வந்தபோது ஊதியக் குறைப்பு அவரையும் பாதித்தது. 2020 மார்ச்சில் ரயில்வே நிறுத்திய கட்டணச் சலுகைகளில் அங்கீகரிக்கப்பட்ட பத்திரிகையாளர்களுக்கான சலுகையும் அடங்கும். அதன்பின் தடத்தை நேரில் சென்று பார்க்கும் பயணங்களுக்கு நிறுவனத்திடம் பணம் கேட்க வேண்டியிருந்தது, கேட்டபோதெல்லாம் கிடைக்கவில்லை.

செய்தி ஆதாரங்களைப் பற்றியும் இங்கே குறிப்பிட வேண்டும். பணியிலுள்ள ரயில்வே ஊழியர்கள் நடத்தை விதிகளுக்கு உட்பட்டவர்கள். அனுமதியின்றிப் பத்திரிகைக்குப் பேசினால் நடவடிக்கைக்கு ஆளாகலாம். ஆகவே அவர் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்களையும் சங்க நிர்வாகிகளையும் சார்ந்திருந்தார். இரண்டு தரப்பிலும் ஒரு சாய்வு உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார். எந்த விபத்துக்கும் ஆள்பற்றாக்குறையே காரணம் என்று சங்கம் சொல்லும். பல நேரங்களில் அது சரியாகவும் இருக்கும், ஆனால் எல்லா நேரத்திலும் அன்று. ஓய்வுபெற்றவரோ தாம் பணியாற்றிய காலத்துப் பொத்தான் பலகையால் சிக்னலை இயக்கும் பழைய பேனல் முறையை மனத்தில் வைத்துக்கொண்டு, சிக்னலும் தடத் திருப்பமும் முரண்படாமல் பூட்டி வைக்கும் இன்றைய மின்னணு இன்டர்லாக்கிங் குறித்துத் தீர்ப்புச் சொல்வார். இதனால் ஒரு தொழில்நுட்பச் செய்தியை இருவேறு தரப்பினரிடம் சரிபார்க்காமல் கொடுப்பதில்லை என்ற கட்டுப்பாட்டை அவர் வைத்துக்கொண்டார்.

2023 ஜூன் 2: காரணம் எழுதாத இரவு

அவருடைய பணிவாழ்வில் மிக அதிகமாக விவாதிக்கப்பட்ட முடிவு இது. ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் பாஹாநகா பஜார் நிலையத்தில், ஷாலிமாரிலிருந்து சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டி மாலை ஏழு மணியளவில் லூப் லைனுக்குள் (மெயின் லைனிலிருந்து பிரிந்து, வண்டிகள் ஒதுங்கி நிற்கும் பாதை) புகுந்து, அங்கே நின்றிருந்த சரக்கு ரயில் மீது மோதியது. தடம்புரண்ட பெட்டிகள், எதிர்த்திசையில் சென்ற பெங்களூரு–ஹவுரா வண்டியின் கடைசிப் பெட்டிகள் மீது விழுந்தன. 290க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சென்னைக்கு வரும் வண்டி என்பதால், எங்கள் அலுவலகத்தில் அன்று இரவு தொலைபேசி ஓயவில்லை.

இரவு பத்து மணிக்குள் தொலைக்காட்சிகளில் ‘ஓட்டுநரின் தவறா?’ என்ற கேள்வி ஓடத் தொடங்கியது. செய்தி மேசையும் அதையே கேட்டது. முதல் பக்கத்துக்கு ஒரு காரணம் வேண்டும். கேள்விக்குறி போட்டால் போதும் என்பது அன்று அங்கே பலரின் நிலைப்பாடு. அவர் மறுத்துச் சொன்ன காரணங்களை இங்கே சற்று விரிவாகப் பதிவு செய்கிறேன்.

மெயின் லைனில் முழு வேகத்தில் வரும் வண்டிக்கும் லூப் லைனில் திரும்பும் வண்டிக்கும் தரப்படும் சிக்னல்கள் வேறு. லூப் லைனுக்குத் திருப்பப்படும் வண்டிக்கு மஞ்சள் விளக்குடன் பாதையைக் காட்டும் விளக்கும் எரியும். வேகம் பெரும்பாலும் 30 கிலோமீட்டர் அளவுக்குக் குறைய வேண்டும். ஓட்டுநர் சிக்னலை மீறியிருந்தால் அது ஒரு வகை விபத்து. சிக்னல் மெயின் லைனுக்குப் பச்சை காட்டியிருக்க, பாயிண்ட் (வண்டியை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குத் திருப்பும் தண்டவாள அமைப்பு) லூப் லைனுக்குத் திரும்பியிருந்தால் அது முற்றிலும் வேறு வகை விபத்து; ஏனெனில் சிக்னலும் பாயிண்டும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் தடுப்பதற்காகவே இன்டர்லாக்கிங் இருக்கிறது. இரண்டில் எது என்பதை சிக்னல், பாயிண்ட் இயக்கங்களை நேரத்துடன் பதியும் நிலையத்தின் டேட்டா லாகர் பதிவுகள் சொல்லும். அந்தப் பதிவு அன்றிரவு எந்தச் செய்தியாளரிடமும் இல்லை. ‘ஓட்டுநர் தவறா’ என்ற தலைப்பு, கேள்விக்குறி இருந்தாலும், மருத்துவமனையில் இருக்கும் ஒரு மனிதரைக் குற்றவாளியாக்கிவிடும் என்று அவர் சொன்னார்.

இறுதியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. முதல் பக்கச் செய்தியில் காரணம் எதுவும் இல்லை. உள்ளே, லூப் லைன் என்றால் என்ன, பாயிண்ட் எப்படி இயங்குகிறது, விசாரணையை யார் நடத்துவார் என்பதை விளக்கும் தனிக் கட்டுரை வந்தது. ரயில் பாதுகாப்பு ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார் என்ற செய்தி பல வாசகர்களுக்குப் புதிதாக இருந்தது.

மறுநாள் காலை, போட்டி நாளிதழ்களில் இருந்த பரபரப்பு நம்மிடம் இல்லை என்ற குறை அலுவலகத்தில் எழுந்தது. ஜூன் 4 அன்று ரயில்வே வாரிய உறுப்பினர் ஒருவர், கோரமண்டலுக்குப் பச்சை சிக்னலே கிடைத்திருந்தது, ஓட்டுநர் வேகவரம்பை மீறவில்லை என்று வெளிப்படையாகத் தெரிவித்தார். இன்டர்லாக்கிங்கில் நேர்ந்த மாற்றமே காரணம் என்று அமைச்சரும் கூறினார். அலுவலகத்தில் அந்தக் குறை அத்துடன் அடங்கியது. அவருடைய மறுப்பை எவரும் பாராட்டிச் சொல்லவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

விபத்துக்குப் பிந்தைய வாரங்கள்

அவர் அதன்பின் எழுதியவையே முதல் இரவைவிட முக்கியமானவை என்பது என் கணிப்பு. ‘கவச்’ என்ற தானியங்கி ரயில் பாதுகாப்பு அமைப்பு பொருத்தப்பட்டிருந்தால் விபத்து நடந்திருக்காது என்ற வாதம் அந்த நாள்களில் எங்கும் ஒலித்தது. அந்தத் தடத்தில் கவச் இல்லை என்பது உண்மை. அப்போது அது தென் மத்திய ரயில்வேயில் ஏறத்தாழ 1,460 கிலோமீட்டரில் மட்டுமே இருந்தது. ஆனால் கவச்சின் முதன்மைப் பணி, சிவப்பு சிக்னலை ஓட்டுநர் தாண்டுவதையும் வேக வரம்பை மீறுவதையும் தடுப்பது. சிக்னலே தவறாகப் பச்சை காட்டி, பாயிண்ட் வேறு பக்கம் திரும்பியிருந்தால், அது எந்த அளவுக்கு உதவும் என்பது வேறு கேள்வி. அரசைக் கண்டிக்க எளிதாகக் கிடைத்த ஒரு கருவியை அவர் பயன்படுத்த மறுத்ததால், சில வாசகர்கள் அவரை அரசின் ஆதரவாளர் என்று எழுதினார்கள். அதே வாரத்தில், 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் தடம்புரள்வு குறித்த அறிக்கையை எடுத்து, தண்டவாள ஆய்வுகளில் அது சுட்டிய குறைகளை அவர் எழுதியபோது, மறுதரப்பினர் அவரை எதிர்ப்பாளர் என்றனர்.

பாதுகாப்பு ஆணையரின் முடிவு ஜூலையில் நாடாளுமன்றப் பதிலாக வெளியானது. வடக்கு சிக்னல் கூமட்டியில் (சிக்னல் கருவிகள் உள்ள சிறு அறை) முன்னர் செய்யப்பட்ட சுற்று மாற்றத்தில் இருந்த குறையும், 94ஆம் எண் லெவல் கிராசிங்கில் மின்சாரத்தால் உயரும் தடுப்புக் கம்பத்தை மாற்றும் பணியின்போது நேர்ந்த சிக்னல் வேலைத் தவறுமே காரணம் என்று அதில் சொல்லப்பட்டது. மத்தியப் புலனாய்வுத் துறை ஜூலை 7 அன்று சிக்னல் பிரிவு ஊழியர் மூவரைக் கைது செய்தது. கைதானவர்கள் குற்றம்சாட்டப்பட்டவர்களே என்பதை ஒவ்வொரு செய்தியிலும் அவர் குறிப்பிட்டார். அறிக்கையில் அவர் பிடித்துக்கொண்ட இடம் வேறு: 2022 மே மாதத்தில் அதே கரக்பூர் கோட்டத்தின் பாங்க்ரா நயாபாஜ் நிலையத்தில் தவறான இணைப்பால் இதைப் போன்ற நிகழ்வு நடந்திருந்தது, அப்போது திருத்தம் செய்யப்பட்டிருந்தால் இந்த விபத்து நேர்ந்திராது என்று ஆணையர் எழுதியிருந்தார்.

2023 பிப்ரவரி 8 அன்று கர்நாடகத்தின் ஹொசதுர்கா ரோடு நிலையத்திலும் சம்பர்க் கிராந்தி வண்டி ஒன்று, சிக்னல் ஒன்று சொல்ல, பாயிண்ட் வேறு திசையில் இருந்ததை ஓட்டுநர் கவனித்ததால் தப்பியது. அந்த மண்டலத்தின் உயரதிகாரி மறுநாளே எச்சரித்து எழுதிய கடிதம், பாலசோருக்குப் பிறகுதான் பொதுவெளிக்கு வந்தது. எவரும் காயமடையாத நிகழ்வு செய்தி ஆகாது என்ற எழுதப்படாத விதியால், தமிழ் நாளிதழ்களில் எதுவும் அதைத் தொடவில்லை. உயிரிழப்பு இல்லாத சிக்னல் கோளாறுகளைத் தனி அட்டவணையாக அவர் தொடங்கியது இதன் பின்னரே.

நாளிதழிலிருந்து விலகல்

2024இல் நகரச் செய்தியாளர்கள் மறுசீரமைக்கப்பட்டபோது, ரயில்வே, மெட்ரோ, பேருந்து, விமான நிலையம் நான்கும் ஒரே பொறுப்பாக இணைக்கப்பட்டு, நாளொன்றுக்கு இணையதளத்துக்குத் தர வேண்டிய செய்திகளின் எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டது. அவர் விலகினார். இப்போது தனித்து எழுதுகிறார். தொழில்துறை இதழ் ஒன்றுக்கும் எழுதுகிறார். அங்கே வேறு வகைச் சிக்கல் இருக்கிறது. பெட்டி, சிக்னல், தண்டவாளக் கருவிகளை விற்கும் நிறுவனங்களின் விளம்பரமே அத்தகைய இதழ்களின் வருவாய். கருத்தரங்குகளுக்கு அழைப்பதும் அவர்களே. பயணச்செலவை நிறுவனம் ஏற்கும் அழைப்புகளை ஏற்பதில்லை, ஏற்க நேர்ந்தால் கட்டுரையிலேயே குறிப்பிடுவது என்று அவர் வைத்திருக்கும் விதியால் வருவாய் குறைந்திருக்கிறது.

அந்த ஆண்டு அக்டோபர் 11 அன்று சென்னைக்கு அருகே கவரைப்பேட்டையில் மைசூரு–தர்பங்கா பாக்மதி விரைவு வண்டி லூப் லைனுக்குள் சென்று சரக்கு ரயிலில் மோதியபோது, ‘இன்னொரு பாலசோர்’ என்று கருத்துச் சொல்லும்படி அவரை ஊடகங்கள் அழைத்தன. தோற்றம் ஒன்றாக இருப்பதால் காரணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்று மட்டும் சொன்னார். அடுத்த நாள் அழைப்பு வரவில்லை.

பாம்பன்: முறை சோதிக்கப்பட்ட இடம்

1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. அருகே எழுந்த, 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி கொண்ட புதிய பாலத்தை 2024 நவம்பரில் பாதுகாப்பு ஆணையர் ஆய்வு செய்தார். அவருடைய கடிதத்தில் இரண்டு செய்திகள் ஒருங்கே இருந்தன. 75 கிலோமீட்டர் வேகத்துக்கும், தூக்குப் பகுதியில் 50 கிலோமீட்டர் வேகத்துக்கும் அவர் அனுமதி தந்திருந்தார். அதே கடிதத்தில், வடிவமைப்பு ஏற்கப்பட்ட முறை, துருப்பிடிப்புத் தடுப்பு ஆகியவை குறித்துக் கடுமையான குறைகளையும் எழுதியிருந்தார்.

சில ஊடகங்கள் அனுமதியை மட்டும் எழுதின. சில ‘பாதுகாப்பற்ற பாலம்’ என்றன. நம் செய்தியாளரோ கடிதத்தின் இரு பகுதிகளையும் எழுதி, வடிவமைப்பைச் சென்னை, மும்பை ஐஐடிகள் சரிபார்த்ததாக ரயில்வே அளித்த விளக்கத்தையும், குறைகளை ஆராய அமைச்சகம் குழு அமைத்ததையும் சேர்த்தார். நிபந்தனையுடன் கூடிய அனுமதி என்பது அனுமதியும்தான், நிபந்தனையும்தான் என்ற எளிய உண்மையை விளக்க அவருக்கு ஒரு முழுக் கட்டுரை தேவைப்பட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று பாலம் திறக்கப்பட்ட நாளில் அந்தக் கட்டுரை மீண்டும் பரவலாக வாசிக்கப்பட்டதாக அறிகிறேன்.

எவை மாற்றப்படலாம்

எதை மாற்றிச் செய்திருப்பீர்கள் என்று அவரிடம் கேட்டபோது, தம் கணக்குகளை 2012 முதலே நிறுவனத்தின் பொதுக் கோப்பில் வைத்திருப்பேன் என்றார். இளைய செய்தியாளர் ஒருவர் கூடவே இருந்து ஆவணங்களை வாசிக்கப் பழகியிருந்தால், அவர் விலகிய நாளில் நாளிதழ் அந்தத் துறையை முழுவதுமாக இழந்திருக்காது. என் பார்வையில் அதைவிட முதலில் மாற வேண்டியது ஏணி: பதவிப் பெயரும் ஊதியமும் உயர, துறையை விட வேண்டும் என்ற நிபந்தனை நீக்கப்பட வேண்டும். நீதிமன்றச் செய்திக்குச் சட்டம் தெரிந்தவரை வைத்திருக்கும் நிறுவனங்கள், ரயில்வேக்கு அதே அளவுகோலை வைக்காததற்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

பெருவிபத்து இரவில் காரணத்தை யார் சொல்லலாம், எந்த ஆவணம் கிடைத்த பின் சொல்லலாம் என்பதற்கு எழுத்து வடிவில் ஒரு நடைமுறை இருந்திருந்தால், 2023 ஜூன் 2 இரவில் அது ஒரு தனிமனிதரின் பிடிவாதத்தைச் சார்ந்திருந்திருக்காது. இவற்றுடன், மக்கள் தொடர்புப் பிரிவுக்குக் கேள்விகளை எழுத்தில் அனுப்பி, பதில் வராவிட்டால் கேட்ட தேதியையும் செய்தியில் குறிப்பிடும் அவருடைய வழக்கத்தை இப்போது அதே நாளிதழின் போக்குவரத்துச் செய்தியாளர் பின்பற்றுகிறார். தமது ஆண்டுவாரி அட்டவணைகளையும் அவர் அந்த இளைஞரிடம் கொடுத்துவிட்டார். பிங்க் புக் வெளியாகும் ஒவ்வொரு முறையும் அவற்றைப் புதுப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பது இன்னும் முடிவாகவில்லை.